ஆறாவது ஆட்டக்காரி

இவர்களில் யாருக்காவது இன்றைக்குக் காய்ச்சல் வந்திருக்கலாம். பெரிய காய்ச்சல் வேண்டாம், ஒரு நாள் லீவுக்குத் தகுந்த காய்ச்சல் போதும். சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிற அளவுக்கு. ஆனால் வந்தும் என்ன? மாற்றாள் வருவான். மாற்றாள் எப்படியும் எனக்கு மூத்தவனாகத்தான் இருப்பான். இந்த ஆபீசில் எனக்கு இளையவர் என்று இன்னும் யாரும் வந்து சேரவில்லை.

இப்படி நினைத்துக்கொண்டு பகவதி சங்குமுகம் கடற்கரையில் வெறுங்காலோடு நின்றிருந்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகியிருந்தாள். முன்னால் வலை. வலைக்கு அந்தப் பக்கம் ரெக்கார்டு செக்‌ஷன், இந்தப் பக்கம் அவளுடைய எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷன். ஆபீஸ் வாலிபால் போட்டியின் கடைசி ஆட்டம். ஐந்து சனிக்கிழமை, ஐந்து ஆட்டம், ஐந்திலும் அவள் அணிக்கு வெற்றி. அந்த ஐந்திலும் அவள் ஒருமுறைகூட சர்வ் அடித்ததில்லை. அடிக்கத் தெரியாமல் அல்ல. முறை வரவில்லை.

முறை வராததற்குக் காரணமான தாளை டைப் அடித்தவளும் அவள்தான்.

புதிதாக வந்த டைரக்டர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றவர். சிப்பந்திகள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து வாரத்தில் ஒரு மாலை விளையாட வேண்டும், அணிக்கு ஆறு பேர், அதில் இரண்டு பேராவது பெண்கள் என்று பச்சை மையில் எழுதினார். அவ்வளவுதான் எழுதினார். அந்த ஒரு வரி சூப்பரண்டு நீலகண்டனின் மேசைக்கு வந்து, நான்கு நாள் அங்கே தங்கி, பதினான்கு விதிகளாக எழுந்தது.

நீலகண்டன் நாகர்கோயில் பக்கத்து ஆள். இருபத்திரண்டு வருஷமாக ஃபைல் பார்க்கிறார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு கேள்விக்கு விதி இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது, அது ஒன்றுதான். வாலிபாலை அவர் அதுவரை ஆடியதும் இல்லை, நின்று பார்த்ததும் இல்லை. ஆகவே அடிப்படையிலிருந்து தொடங்கினார்.

"பந்தை முதல்ல யாரு அடிக்கணும்?"

செக்‌ஷனில் ஆட்டம் தெரிந்த ஒரே ஆண் குற்றாலலிங்கம். தென்காசிக்காரன், கல்லூரி அணியில் ஆடியவன். "யாரு வேணும்னாலும் சார். அவங்ககிட்ட இருந்து சர்வை நாம மீட்டதும் அடுத்த ஆளு அடிக்கணும். அப்படியே ஒவ்வொருத்தரா சுத்தி வரும்," என்றான்.

"யாரு வேணும்னாலும்னா என்னவே அர்த்தம்? அதுக்கு ஒரு முறை வேண்டாமா? நாளைக்கு ஒருத்தன் பெட்டிஷன் போட்டா நான் என்னன்னு பதில் எழுதுவேன்?"

அப்படிப் பிறந்ததுதான் ஏழாம் விதி. சர்வ் அடிக்கும் வரிசை பணிமூப்புப்படி அமையும். ஒவ்வொரு ஆட்டமும் மூத்தவரிலிருந்தே தொடங்கும். நிரந்தரச் சிப்பந்திகளுக்குப் பிறகே தற்காலிகச் சிப்பந்திகள். விடுப்பில் இருப்பவருக்குப் பதில் வருபவர் தம் சொந்த மூப்பின்படி வரிசையில் இடம் பெறுவார். எட்டாம் விதி, எல்லைக்கு வெளியே போகும் பந்தை வரிசையில் கடைசி ஆள் எடுத்து வர வேண்டும். ஒன்பதாம் விதி, ஆண்கள் பெண்களை நோக்கிப் பந்தை ஓங்கி அடிக்கலாகாது. பதினோராம் விதி, ஒருவர் தம் முறையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கலாம், ஆனால் எழுத்து மூலமாக. முழங்கால் வலிக்காரரான ஹெட் கிளார்க் அழகியநம்பிக்காக அது சேர்க்கப்பட்டது. அழகியநம்பி ஒருநாளும் அதைப் பயன்படுத்தவில்லை. இரண்டாம் இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம் பகவதி ஸ்டென்சிலில் அடித்தாள். ஒரு பிழை இல்லை. அன்று தன் மனத்தில் என்ன இருந்தது என்று பிறகு பலமுறை தேடிப் பார்த்திருக்கிறாள். எதிர்ப்பு இருந்ததா? இல்லை. விதிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக நேராக இறங்கியதில் ஒரு சந்தோஷம்தான் இருந்தது. சாலைத் தெரு இன்ஸ்டிட்யூட்டில் டைப் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் திரும்பத் திரும்பச் சொல்வார்: எழுத்தைப் பார், அர்த்தத்தைப் பார்க்காதே, அர்த்தம் பார்த்தால் வேகம் போய்விடும். அவள் வேகத்தை விடவில்லை. "தற்காலிகச் சிப்பந்திகள்" என்று அடித்தபோது அது தன்னைக் குறிக்கிறது என்று விரல்களுக்குத் தெரியவில்லை. ஸ்டென்சிலைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அப்போதும் அவள் ஒரு கமாவைத்தான் சரிசெய்தாள்.

வரிசை இப்படி அமைந்தது. நீலகண்டன், அழகியநம்பி, குற்றாலலிங்கம், பேசாத மனிதரான சுந்தரராமன், கோட்டைக்குள் அக்ரஹாரத்திலிருந்து வரும் நாகலக்ஷ்மி, கடைசியில் பகவதி. நாகலக்ஷ்மி அவளுக்கு நான்கு மாதம் மூத்தவள், நிரந்தரமானவள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஏதோ மந்திரம் முணுமுணுத்துக்கொண்டு சர்வ் அடிப்பாள்.

"நான் வேணும்னா நோக்கு விட்டுத் தந்துடறேண்டி," என்றாள் அவள் மூன்றாவது வாரம். "எழுதித் தரணுமாமே? எங்காத்துல யாராவது அந்தக் காயிதத்தைப் பாத்தா, என்னத்தைடி எழுதிக் குடுத்தேன்னு கேப்பா. அதான் யோஜனையா இருக்கு."

ஆனால் நாகலக்ஷ்மிக்கே முறை வருவது அபூர்வம். நீலகண்டன் ஒவ்வொரு சர்வுக்கு முன்னும் கண்ணாடியைத் துடைப்பார். காற்றின் திசையைக் கேட்பார். அழகியநம்பி முழங்காலைத் தடவிக்கொள்வார். அதற்குப் பிறகு குற்றாலலிங்கம் பந்தைத் தூக்கிப் போட்டு அடிக்க ஆரம்பித்தானானால் எட்டு, ஒன்பது பாயின்ட் சேர்ந்தாற்போல் விழுந்து பதினைந்து நிறைந்துவிடும். நிறையாவிட்டாலும் சூரியன் நிற்காது. சூரியன் கடலைத் தொட்டதும் ஆட்டம் முடிந்தது என்பது பதினான்காம் விதி.

வீட்டில் அம்மா பிச்சம்மாள் முதல் வாரமே விசாரணையை முடித்துவிட்டிருந்தாள்.

"சர்க்குலர்ல உன் பேரு இருக்கா?"

"இருக்கும்மா."

"ஆபீசர் ஒப்பு போட்டிருக்காரா?"

"போட்டிருக்காரு."

"அப்பம் போவாம முடியுமா? சம்பளம் குடுக்கானுவ, பந்தடிக்கச் சொன்னா அடிக்கத்தான் வேணும். வெயில்ல நிக்காத, கறுத்துப் போவே."

பகவதி வீட்டிலும் தனியே அடித்துப் பழகினாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. சாலைத் தெரு வீட்டின் பின்பக்கத்தில், துவைத்துப் போட்ட அண்ணனின் வேட்டி ஒன்று கொடியில் தொங்கும். அதுதான் வலை. பந்து கிடையாது. மரத்திலிருந்து விழுந்த பம்பளிமாஸ் காய் உண்டு. பெண்கள் கல்லூரியில் படித்த இரண்டு வருஷமும் ஹாஸ்டல் மைதானத்தில் கற்றுக்கொண்ட அடி அது. இடது கையால் தலைக்கு மேல் தூக்கிப் போட வேண்டும். அது ஏறி முடிந்து, இறங்கலாமா என்று ஒரு நொடி யோசிக்கிற இடத்தில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் அடிக்க வேண்டும். எல்லாம் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. அந்த நொடியில் அவள் யாருடைய மகளும் அல்ல, எந்த செக்‌ஷனும் அல்ல. அது அவளுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று நினைத்தால் அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு புடவைக்கு ஆசைப்பட்டால் வெளியில் சொல்லலாம். ஒரு பந்தை ஒருமுறை அடிக்க வேண்டும் என்பதை யாரிடம் சொல்வது?

மூன்று காய்கள் மதில் தாண்டிப் போயின. அடுத்த வீட்டுச் சரசம்மா மூன்றாவது காயைக் கையில் எடுத்துக்கொண்டு மதிலுக்கு மேல் தலையைக் காட்டினாள்.

"பகவதீ, இதெல்லாம் தானே பறந்து வருதா, இல்ல நீ அனுப்புதியா?"

"நான்தான் சேச்சி. கை தவறிப் போச்சு."

"தவறினா இவ்வளவு நேரா வராதே! மூணும் என் கிணத்தடிக் கல்லுல ஒரே எடத்துலயாக்கும் விழுந்தது. நல்ல கை, கேட்டோ. இன்னும் ரெண்டு அனுப்பு, உப்பு மிளகாய் போட்டுத் திங்கலாம்."

அதுவரை அவள் ஆட்டத்தைப் பற்றி யாரும் சொன்ன நல்ல வார்த்தை அது ஒன்றுதான்.

கடற்கரையில் அவளுக்கு எட்டாம் விதிதான் துணை. வெளியே போகிற பந்து எப்படியும் கடல் பக்கம்தான் போகும். பகவதி ஓடுவாள். புடவைக் கரை நனைய அலையில் இறங்கி எடுப்பாள். பெண்ணைக் கடலில் இறக்குகிறோமே என்று ஒருமுறை சுந்தரராமன் முகத்தைச் சுளித்தார், ஆனால் விதியைத் திருத்துவதற்கு டைரக்டர் வரை போக வேண்டும். திரும்பி வர இருபது இருபத்தைந்து எட்டு வைக்க வேண்டும். அந்த எட்டுகளில் பந்து அவளுடையது. தூக்கிப் போட்டுப் பிடிப்பாள், ஒன்று, இரண்டு, மூன்று என்று. கோட்டுக்கு வந்ததும் முறைக்காரரிடம் கொடுத்துவிடுவாள். அந்தப் போட்டியில் பந்தை அதிக நேரம் வைத்திருந்தவர் யார் என்று கணக்கெடுத்தால் அவள்தான் முதலில் வருவாள். இது அவளுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. நாலாம் வாரத்திலிருந்து வேடிக்கையாக இல்லை.

இன்றைய ஆட்டம் எல்லோரையும் ஏமாற்றியது. ரெக்கார்டு செக்‌ஷன்காரர்கள் வருஷம் முழுவதும் கட்டுகளைத் தூக்கி அடுக்குகிறவர்கள், தோள் உரம் உள்ளவர்கள். நீலகண்டன் மூன்று பாயின்ட் எடுத்தார். அழகியநம்பி ஒன்று. குற்றாலலிங்கம் ஏழுதான் எடுத்தான், எட்டாவது வலையில் மாட்டியது. சுந்தரராமன் ஒன்று. நாகலக்ஷ்மி கண்ணை மூடி அடித்த இரண்டும் மெதுவாகப் போய், எதிரில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற இடைவெளியில் விழுந்தன.

"விழுந்துதா?" என்று கண்ணைத் திறந்து கேட்டாள்.

"விழுந்துது விழுந்துது! இன்னொண்ணு!" என்று நீலகண்டன் குதித்தார்.

இன்னொன்று விழவில்லை. பந்து எதிர்ப்பக்கம் போனது. அவர்கள் ஒன்று எடுத்து பதினாலுக்குப் பதினாலு ஆக்கினார்கள். பதினைந்தை முதலில் தொடுகிறவருக்குக் கப். சூரியன் கடலுக்கு ஒரு முழம் மேலே நின்றது. ரெக்கார்டு செக்‌ஷன் ஆள் முழுப் பலத்தையும் சேர்த்து அடித்தான். பந்து எல்லோருடைய தலைக்கும் மேலே, கோட்டுக்கும் மேலே, எங்கேயும் படாமல் நேரே கடலுக்குப் போயிற்று. அவர்களுடைய சர்வ் போயிற்று.

பகவதி வழக்கம்போல் ஓடினாள். அலை பந்தை உள்ளே இழுத்து, மனம் மாறித் திருப்பித் தந்தது. எடுத்துக்கொண்டு திரும்பினாள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது தடவை பந்து இறங்குவதற்குள் ஏதோ மாறியிருப்பதை உணர்ந்தாள். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பந்தைக் குற்றாலலிங்கத்திடம் நீட்டினாள். கை பழகிய வழி அது.

விசில் ஊதிற்று.

"அம்மை, அதைக் குடுக்காண்டாம்."

தாசையன் சொன்னான். ஆபீசில் அவன் பியூன், நீலகண்டனின் அறை வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பவன். சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் இருந்து வாலிபால் சட்டமெல்லாம் படித்து வந்திருந்ததால் அவனை அம்பயராகப் போட்டிருந்தார்கள். விசில் வாயில் இருக்கும்வரை அவன் யாருக்கும் எழுந்து நிற்பதில்லை.

"அஞ்சாவது ஆளு அடிச்சு முடிஞ்சுது. இனி ஆறாவதாக்கும். அம்மைதான் ஆறாவது."

நீலகண்டன் கண்ணாடியைக் கழற்றினார். "ஆறாவதா? அது வந்துட்டா?"

"வந்துட்டு ஸாறே. சட்டம் ஏழு."

தன் விதி தன்னிடமே வந்து நிற்பதை அவர் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறாவது என்று ஒன்று இருப்பதும், அது ஒருநாள் வரும் என்பதும் அவர் எழுதியதுதான். வரும் என்று நினைத்து எழுதவில்லை. பிறகு பகவதியை நோக்கி நடந்தார். ஆபீசில் அவர் வாயில் அவள் எப்போதும் மிஸ் பகவதி.

"மக்கா, இங்க வா," என்றார். பகவதிக்கு அந்த மக்காவிலேயே விஷயம் புரிந்துவிட்டது. "ஒண்ணும் நெனைச்சுக்கிடாத, கேட்டியா. ஒரே ஒரு பாயின்ட். லிங்கம் அடிச்சா கப் நம்ம செக்‌ஷனுக்கு. நீ விட்டுக்குடுத்தேன்னு நாளைக்கு ஆபீஸ் பூரா சொல்லுவாவ. பேரு உனக்குத்தான்."

"நான் அடிச்சா சார்?"

"நீ அடிச்சு யாரு பாத்திருக்கா?"

அவர் அதைக் குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சரசம்மா பார்த்திருக்கிறாள் என்று வாய்வரை வந்தது. பம்பளிமாஸைப் பற்றி இங்கே எப்படிச் சொல்வது?

"ஸாறே, சூரியன் முங்கிப் போகும்! வேகம் ஆகட்டே!" என்று வலைக்கு அப்பாலிருந்து ஒருவன் கத்தினான்.

"வாயால சொன்னா பத்தாது ஸாறே," என்றான் தாசையன். "சட்டம் பதினொண்ணு. எழுத்துல வேணும்."

அந்த அவசரத்திலும் நீலகண்டனின் முகத்தில் ஒரு பெருமை வந்து போனது. எண் தவறாமல் சொல்கிறானே. "அது சரிதான். நம்பி, கொஞ்சம் குனியும்வே," என்றார். அழகியநம்பி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிய, அவர் முதுகில் சர்க்குலரின் பின்பக்கத்தைப் பரப்பி எழுதினார். ஆட்டத்துக்கு வரும்போதும் அவர் பேனா இல்லாமல் வருவதில்லை. நான்கு வரி. தேதி போட்டார். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டுக் கோடு இழுத்தார்.

"இந்தா. கீழ ஒப்பு மட்டும் போட்டா மதி, வேற ஒண்ணும் வேண்டாம்."

பகவதி பந்தை இடது கையில் இடுப்போடு அணைத்துக்கொண்டு வலது கையால் தாளை வாங்கினாள். படித்தாள். மாஸ்டர் படிக்கக் கூடாது என்று சொன்ன மாதிரிப் படித்தாள், ஒவ்வொரு சொல்லாக நின்று, அது யாரைச் சொல்கிறது என்று பார்த்து. கீழே கையெழுத்திட்டிருக்கும் நான், என் சொந்த விருப்பத்தின்பேரில், யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் முறையை எனக்கு மூத்தவரான திரு. குற்றாலலிங்கத்துக்கு விட்டுக்கொடுக்கிறேன்.

நல்ல வாசகம். திங்கட்கிழமை இதை அவளே டைப் அடித்து ஃபைலில் சேர்க்க வேண்டியிருக்கும். அவளை நிரந்தரமாக்குவது பற்றிய குறிப்பும் அதே மேசையில்தான் இருக்கிறது, மேலிருந்து மூன்றாவது ஃபைல் கட்டுக்குள். அதையும் அவள்தான் அடித்தாள். நீலகண்டன் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் அப்படிப் பேசுகிறவர் இல்லை. ஆனால் அவள் மனம் தானாகவே போய் அந்தக் கட்டைத் தொட்டுவிட்டு வந்தது.

"நான் கேக்கல," என்று குற்றாலலிங்கம் அவள் பக்கம் பார்க்காமல் சொன்னான். "சார்தான் சொல்லுதாரு." சொல்லும்போதே வலது உள்ளங்கையிலிருந்த மணலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தான்.

"போட்டுக் குடுத்துடேண்டி," என்றாள் நாகலக்ஷ்மி. "இருட்டினா எங்காத்துல வாசல்லயே நிறுத்திக் கேள்வி கேப்பா." அப்புறம் பகவதியின் இடுப்பில் இருந்த பந்தைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள். குரல் இறங்கிற்று. "இல்லேன்னா வேண்டாம். நான் என்னத்தைக் கண்டேன். நான் கண்ணை மூடிண்டு அடிக்கிறவ."

யாருடைய விருப்பம் என்று பகவதி யோசித்துப் பார்த்தாள். தேடிப் பார்த்தால் அங்கே விட்டுக்கொடுக்கிற விருப்பமும் கொஞ்சம் இருந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியம். கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், கப் கிடைக்கும், பஸ்ஸில் நல்ல பெண் என்பார்கள். அடித்து, பந்து வலையில் விழுந்தால்? அதற்கு விதி எதுவும் கிடையாது. ஆனால் அந்த விருப்பத்துக்குக் கீழே, ஈர மணலுக்குக் கீழே இன்னொரு மணல் இருப்பதுபோல, இன்னொன்று இருந்தது. அது சத்தம் போடவில்லை. அதன் கனம் மட்டும் தெரிந்தது. இடது கையில் பந்து இருந்த இடத்தில் புடவை நனைந்து குளிர்ந்துகொண்டிருந்தது.

நீலகண்டன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவளுடைய ஒரு கையில் தாள், ஒரு கையில் பந்து.

"பந்தைச் சித்த கீழ வை மக்கா. ஒப்பு போடணும்லா."

சூரியனின் அடி கடலைத் தொட இன்னும் நான்கு விரல் இருந்தது. அவள் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தாளை மடித்தாள், மடிப்பு நேராக இருக்கும்படி இரண்டாக, பிறகு நான்காக. அவர் சட்டைப் பையில் மெதுவாகச் செருகினாள்.

"இருக்கட்டும் சார்," என்றாள்.

"எது இருக்கட்டும்?"

"பந்து சார். எங்கிட்டயே இருக்கட்டும்."